சின்ன ரீஃப் தொட்டிக்கு ரெஃபூஜியம்: எங்கெங்கே சறுக்குகிறது?

100 லிட்டர் ரீஃப் தொட்டிக்கு (பவளம் வளர்க்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டி) 15, 20 லிட்டர் ரெஃபூஜியம், அதாவது கழிவுச் சத்தை உறிஞ்சும் பாசியை வளர்க்கும் தனி அறை, போதும். சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே இருக்கும் துணைத் தொட்டி) ஓர் அறை ஒதுக்கி, நூல்பந்து போன்ற கீட்டோமார்ஃபா (சுருக்கமாகக் கீட்டோ) பாசி போட்டு, விளக்கு மாட்டுவது ஒரு நாள் வேலைதான். அது ஓடுமா என்பதை வேறு சில விஷயங்கள் தீர்மானிக்கின்றன.

முதலில் தண்ணீர்க் கணக்கு. கரன்ட் போனதும், சம்ப்புத் தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் நின்று, தொட்டித் தண்ணீர் அதே குழாய் வழியே சம்ப்புக்குத் திரும்பி இறங்கும். குழாயின் வாய் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால், 75 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலமுள்ள தொட்டியிலிருந்து மட்டும் 13 லிட்டர் வரும். சின்ன சம்ப் தாங்காது; உப்புத் தண்ணீர் தரைக்கும் பிளக் பாயின்ட்டுக்கும் போகும். வாயை 1 செ.மீ. ஆழத்தில் வைத்தால் 2.6 லிட்டரோடு முடிந்தது. காற்று புகுவதற்குக் குழாயில் போடும் துளையை மட்டும் நம்பாதீர்கள், பாசி அடைத்துவிடும். பம்ப்பை நிறுத்தி, மேல்தொட்டி வடிந்த பிறகு, சம்ப்பை விளிம்புக்கு 3 செ.மீ. கீழ்வரை நிரப்புங்கள். பம்ப்பைப் போட்டதும் மட்டம் இறங்கி நிற்கும் இடத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். ஆவியாகிப் போனதற்கு ஈடாக ஊற்றும் டாப்-அப் தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது.

அடுத்தது, ஆரம்பாக்கம், தடா பக்கத்துக்காரர்களுக்கு வரும் சபலம்: பழவேற்காடு ஏரி பக்கத்தில்தானே, பாசியை அங்கேயே அள்ளினால் என்ன? பறவைச் சரணாலயத்தில் கைவைக்கக் கூடாது என்பது ஒருபக்கம். ஏரியின் உப்பும் நிலையாக இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஆரணி ஆறும் காளங்கியும் நன்னீரைக் கொட்ட, உப்பு வெகுவாக இறங்கும். கோடையில் கடலையே மிஞ்சும். அங்கே பழகிய பாசியை, உப்பு 1.025 ஒப்படர்த்தியில் நிலையாக இருக்கும் தொட்டியில் சட்டென்று போட்டால் உருகி, உறிஞ்சியதையெல்லாம் தண்ணீரிலேயே கக்கிவிடும். கூடவே நண்டுக்குஞ்சும், கொட்டும் கடல் உயிரியான அனிமோனும் தொல்லையாக வரும். தொட்டி வைத்திருப்பவரிடம் ஒரு கைப்பிடி கீட்டோ வாங்குங்கள். தனி வாளியில், அதே உப்பு அளவுள்ள தண்ணீரில், விளக்கும் காற்றுக்கல்லும் வைத்து இரண்டு வாரம் கவனியுங்கள். கடலிலிருந்து உயிருள்ள பவளப்பாறை எடுப்பதோ, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

புதுத் தொட்டியில் முதல் வாரமே கீட்டோ போடுவதும் வீண். அதற்கும் சாப்பாடு வேண்டும். நைட்ரேட் 5 பி.பி.எம்., பாஸ்பேட் 0.05 அளவில் இருந்தால் வளரும். இரண்டும் பூஜ்யமானால் கீட்டோ வெளுக்கும், மேலே பழுப்புச் சளியாக டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்) படரும். பாஸ்பேட் ரிமூவரை நிறுத்திவிட்டு மீனுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தீனி போடுங்கள்.

விளக்கை இரவில் 12 மணி நேரம் எரியவிடுங்கள். மேல்தொட்டி இருளில் பி.எச். இறங்குவதை அது குறைக்கும். பகல் வெக்கையோடு விளக்குச் சூடும் சேராது. 15 லிட்டர் அறையில் ஆழமான மணல் வேண்டவே வேண்டாம், அடியை வெறுமையாக விடுங்கள். நீரோட்டம் மந்தமானால் கீட்டோப் பந்தின் நடுவில் கசடு தங்கி அழுகும். வாரம் ஒரு தரம் பந்தைப் புரட்டி, தொட்டித் தண்ணீரில் அலசுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசினால் அதில் வாழும் கோபிபாட் என்ற நுண்ணிய ஓட்டுயிர்கள் அத்தனையும் செத்துப்போகும்.

அறை நிறைந்ததும் பாதியை வெளியே எடுத்தால்தான் நைட்ரேட் உண்மையில் தொட்டியை விட்டுப் போகிறது. அழகாக இருக்கிறதே என்று விட்டால் அடியில் வெளிச்சம் படாமல் வெளுக்கும். வெளுத்த பகுதியை அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.