எக்ஸ்ரே ரூம் போஸ்டிங் போற பசங்களா, எங்க நிக்கணும்னு மொதல்ல பாத்துக்கோங்க

ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் போஸ்டிங் வர்ற புது பசங்க எல்லாரும் மொதல்ல கேக்குற கேள்வி, "அண்ணா, எக்ஸ்ரே எடுத்து முடிச்சப்புறம் ரூம்ல ரேடியேஷன் தங்கி இருக்குமா?" தங்காதுப்பா. பட்டனை விட்டதும் முடிஞ்சு போச்சு, தைரியமா உள்ள போ.

டியூப்ல நடக்குறது இதான். ஃபிலமென்ட் சூடாகி எலக்ட்ரான் கிளம்பும், கேவி (டியூபுக்கு குடுக்குற வோல்டேஜ், கிலோவோல்ட் கணக்குல) குடுத்தா அது வேகமா போய் எதிர்ல இருக்குற டங்ஸ்டன் தட்டுல, அதாவது ஆனோட்ல மோதும், அந்த சக்தில 99 சதவீதம் வெறும் சூடாதான் போகும், மிச்சம் 1 சதவீதம்தான் எக்ஸ்ரே. ஆனோட சுத்த விடுறதே இந்த சூட்டுக்காகத்தான். கேவிபி (அந்த கேவியோட உச்ச அளவு) ஏத்தினா எக்ஸ்ரே நல்லா ஊடுருவும், எம்ஏஎஸ் (டியூப் கரண்ட்டையும் நேரத்தையும் பெருக்குனது) ஏத்தினா எக்ஸ்ரே அளவு கூடும், எம்ஏஎஸ் ரெண்டு மடங்குன்னா பேஷன்டுக்கு டோஸும் (உடம்பு வாங்குற கதிர்வீச்சு) ரெண்டு மடங்கு. இதுல ஒரு வம்பு இருக்கு. ஃபிலிம் காலத்துல ஓவர் ஆனா படமே கருப்பாயிடும், கையும் களவுமா மாட்டிப்பீங்க, இப்ப டிஜிட்டல்ல ஓவரா குடுத்தாலும் படம் பளிச்சுன்னு வரும், யாரும் திட்ட மாட்டாங்க, அப்படியே பழகிடும். அதனால படத்த மட்டும் பாக்காதீங்க, படம் பதியுற தட்டுல எவ்ளோ எக்ஸ்ரே விழுந்துச்சுன்னு மெஷின் காட்டுற எக்ஸ்போஷர் இண்டெக்ஸ் நம்பரையும் பாருங்க.

இப்ப மெயின் மேட்டர். எல்லாரும் டியூபை பாத்துதான் பயப்படுறாங்க, ஆனா நமக்கு வர்ற டோஸ் பெரும்பாலும் பேஷன்ட் உடம்புல பட்டு சிதறி வர்ற ஸ்கேட்டர்தான். கணேசபுரம் சப்வேல தண்ணி நிக்கிறப்ப லாரி நம்ம மேல ஏறாது, ஆனா ஓரமா நிக்கிறவன் மேல தண்ணி அடிக்கும்ல, அதே கதை. பேஷன்ட்லேர்ந்து 1 மீட்டர் தள்ளி சைடுல நின்னா, அவர் மேல விழுறதுல சுமார் ஆயிரத்துல ஒரு பங்கு நமக்கு வரும். 2 மீட்டர் போனா அதுலயும் கால்வாசி, 3 மீட்டர் போனா ஒம்பதுல ஒரு பங்கு. ரெண்டு எட்டு பின்னாடி வைக்கிறதுக்கு காசா பணமா?

ஸ்கேட்டர கொறைக்க இன்னொரு வழி காலிமேஷன், அதாவது எக்ஸ்ரே விழுற இடத்த (ஃபீல்ட்) தேவையான அளவுக்கு மட்டும் சுருக்குறது, அந்த இடத்த மெஷின் லைட் காட்டும். முட்டி எடுக்க தொடை வரைக்கும் லைட்ட தொறந்து வைக்கிறவங்க நெறைய பேர், எனக்கு அத பாத்தாலே கோவம் வரும். ஃபீல்ட சுருக்குனா பேஷன்டுக்கும் டோஸ் கம்மி, நமக்கும் கம்மி, படமும் ஷார்ப்பா வரும்.

ரூம்ல தடுப்புக்கு பின்னாடி நிக்கப் போறீங்க, பிரச்சனை இல்ல. வார்டுக்கே தள்ளிட்டுப் போற போர்ட்டபிள் மெஷின்லதான் கவனம் வேணும். எக்ஸ்போஷர் பட்டனோட வயர முழுசா இழுத்து 2 மீட்டராவது தள்ளி நில்லுங்க, பீம் போற பக்கம் நிக்காதீங்க, பக்கத்து பெட் அட்டெண்டர்கிட்ட "அக்கா கொஞ்சம் வெளிய நில்லுங்க, ஒரு நிமிஷம்தான்"னு சொல்லிட்டு எடுங்க. கொழந்தைய புடிக்க ஆள் வேணும்னா ஸ்டாஃபோ ஸ்டூடண்டோ தெனமும் புடிக்கக் கூடாது, கர்ப்பமா இல்லாத சொந்தக்காரங்களுக்கு லெட் ஏப்ரன் (ஈயம் வெச்ச மேலங்கி) மாட்டி, அவங்க கை பீம்ல வராம பாத்துக்கோங்க. வயிறு, இடுப்பு எடுக்கிறப்ப பொண்ணுங்ககிட்ட கடைசி பீரியட்ஸ் தேதி கேக்க கூச்சப்படாதீங்க, மெதுவா தனியா கேளுங்க.

லெட் ஏப்ரன் ஸ்கேட்டருக்குதான், நேர் பீமுக்கு இல்ல. முன்பக்கம் மட்டும் இருக்குற ஏப்ரன் போட்டுட்டு பேஷன்டுக்கு முதுக காட்டாதீங்க. மடிச்சு சேர் மேல போட்டா உள்ள விரிசல் விடும், ஹேங்கர்ல மாட்டுங்க.

டிஎல்டி பேட்ஜ் (நாம வாங்குற டோஸ அளக்குற பேட்ஜ்) நெஞ்சுக்கு நேரா, ஏப்ரனுக்கு உள்ள போடணும். அது தடுக்காது, எவ்ளோ வாங்குனோம்னு கணக்கு மட்டும் வெக்கும். ஏஇஆர்பி (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) கணக்குப்படி ஸ்டாஃபுக்கு 5 வருஷ சராசரியா வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட் (டோஸ அளக்குற அலகு), எந்த ஒரு வருஷத்துலயும் 30 தாண்டக் கூடாது, பொதுமக்களுக்கு வருஷம் 1தான். டீக்குப் போற அவசரத்துல பேட்ஜ ஏப்ரன்லயே மாட்டி ரூம்ல விட்டுட்டு போனா, நீங்க வாங்காத டோஸ் உங்க பேர்ல ஏறும், அப்புறம் அதுக்கு லெட்டர் எழுதி பதில் சொல்லிட்டு திரியணும்.