பவர் கைட்டும் ஸ்கேட்டும்: விழுந்தாலும் அடிபடாமல்
இன்லைன் ஸ்கேட்டில் (ஒரே வரிசையில் சக்கரங்கள் உள்ள காலணி) நின்று பவர் கைட், அதாவது ஆளையே இழுத்துச் செல்லும் பட்டம், பிடிக்கும்போது என்னை அதிகம் கீழே தள்ளியது திடீர்க் காற்றுதான். காற்றின் வேகம் 2 மடங்கானால் பட்டத்தின் இழுவை ஏறக்குறைய 4 மடங்காகிறது. சக்கரத்தில் நிற்பவரை அது சட்டென்று கவிழ்த்துவிடும். அதனால் சின்னப் பட்டத்துக்கு மாறினேன். முதலில் வெறும் ஷூவோடு, அண்ணாந்து பார்க்காமலே கையின் இழுப்பை வைத்துப் பட்டத்தை ஓட்டும் வரை பழகினேன். ஸ்கேட் அப்புறம்தான்.

இப்போது பட்டத்தைத் தலைக்கு மேலே நிறுத்துவதில்லை. பக்கவாட்டில் தாழ்வாக வைத்தால் ஆளைத் தூக்காது. நிலை தடுமாறினால் உடனே கைப்பிடியை விட்டுவிடுவேன். மணிக்கட்டில் மாட்டிய பாதுகாப்பு வார் பட்டத்தைப் பிடித்துக்கொள்ளும், பட்டமும் காற்றிழந்து படுத்துவிடும். பிறகு முழங்கால் காப்பின்மேல் சரிவேன். விழும்போது கையை ஊன்றாமல் இருப்பது கடினம், எனவே மணிக்கட்டுக் காப்பும் ஹெல்மெட்டும் கட்டாயம்.