மெட்டல் டிடெக்டரும் பழைய காசும்: மதுரைப் பக்கம் தேடக் கிளம்புகிறவர்களுக்கு

இங்கிலாந்தில் யாரோ ஒருவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வயலில் நடந்துபோய், குனிந்து, வெள்ளிக்காசு எடுக்கிற வீடியோவைப் பார்த்துவிட்டு ‘நாமும் ஒன்று வாங்கலாமா’ என்று கேட்கிறவர்கள் இப்போது நிறைய. வாங்கலாம். ஆனால் அவர்கள் ஊர்ச் சட்டம் வேறு, நம் ஊர்ச் சட்டம் வேறு. அதனால் மெஷினைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் எங்கே போகக்கூடாது என்பதை முடித்துவிடுவோம்.

கீழடி, கொந்தகை, அகரம், மணலூர் இந்த நாலு அகழாய்வு ஊர்களையும் மறந்துவிடுங்கள். சிலைமான் தாண்டினால் பத்து நிமிஷம்தானே என்று டிடெக்டரோடு போய் இறங்கினால் போலீஸ் ஸ்டேஷனில்தான் முடியும், அது சரியும்கூட. மண்ணின் எந்த அடுக்கில், எந்தப் பானை ஓட்டுக்குப் பக்கத்தில் ஒரு காசு கிடந்தது என்பதை வைத்துத்தான் தொல்லியலாளர்கள் காலத்தைச் சொல்கிறார்கள். தோண்டி எடுத்துப் பையில் போட்ட காசு வெறும் செம்புத்துண்டு. சமணர் மலை, யானைமலை, மாங்குளம் என்று குகையும் கல்வெட்டும் இருக்கிற குன்றுகளுக்கும் இதேதான். தொல்லியல் துறையின் பலகையைப் பார்த்தால் திரும்பிவிடுங்கள். மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்றால் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. கோயில் நிலம், ஊர்ச்சாமி இடம், கண்மாய், புறம்போக்கு எல்லாமே வேண்டாம். வைகைப் படுகையில் ரோமானியச் செப்புக்காசும் சங்ககாலப் பாண்டியர் காசும் கிடைத்தது உண்மைதான், ஆனால் ஆறு யாருடைய தோட்டமும் இல்லை.

அப்படியானால் மிச்சம் என்ன? சொந்தப் பட்டா நிலம், அல்லது பட்டாக்காரர் மனதார அனுமதி கொடுத்த நிலம். அது போதும், தாராளமாகப் போதும்.

அங்கேயும் ஒரு சட்டம் உண்டு: 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம், இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்து கிடைத்த, மதிப்புள்ள எதுவும் அதன்படி புதையல்தான், பானை நிறையத் தங்கம் இருந்தால்தான் என்றில்லை. மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் எங்கே, எந்தத் தேதியில், என்ன கிடைத்தது, சுமாராக என்ன பெறும் என்று கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், பொருளை அரசு கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும் அல்லது கேட்கும்போது கொண்டுவருவதாகப் பிணை கொடுக்க வேண்டும். பத்து ரூபாய் என்பது அந்தக் காலத்துக் கணக்கு, இன்றைக்கு ஒரு விக்டோரியா காலணாவே அதைத் தாண்டிவிடும். மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். யாரும் உரிமை கோராமல், அரசும் எடுத்துக்கொள்ளாமல் விட்டால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. இருவருக்கும் இடையில் ஏற்கெனவே ஓர் ஒப்பந்தம் இருந்தால் அதன்படி. அரசு எடுத்துக்கொண்டால், பொருளின் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தருவார்கள். அதனால் நிலத்துக்காரரோடு பங்கு விஷயத்தை முதலிலேயே ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொள்வது நல்லது, அண்ணன் தம்பியாக இருந்தாலும் சரி. காசு கிடைத்த பிறகு எழுத உட்கார்ந்தால் பேச்சு வேறு மாதிரி போகும்.

கேட்கிற விதத்திலும் கொஞ்சம் இருக்கிறது. ‘புதையல்’ என்ற சொல்லை வாயிலேயே எடுக்காதீர்கள். “அண்ணே, உழவு ஓட்டிட்டு வெதைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் காலைல வந்து பழைய காசு கெடக்கான்னு பாத்துக்கிறேன், தோண்டுன குழிய மூடிருவேன், என்ன கெடைச்சாலும் ஒங்க கையிலதான் மொதல்ல குடுப்பேன்” என்று நேராகச் சொல்லிவிட வேண்டும். ஊராட்சித் தலைவரிடமோ வி.ஏ.ஓ.விடமோ ஒரு வார்த்தை போட்டு வையுங்கள். டார்ச் அடித்துக்கொண்டு ராத்திரியில் போகவே போகாதீர்கள். இருட்டில் மண்ணைத் தோண்டுகிறவனைப் பார்த்தால் நம் ஊரில் புதையல் பூஜை என்றுதான் நினைப்பார்கள், விளக்கம் கேட்கப் பொறுமை இருக்காது.

சரி, மெஷின். ஆரம்பிக்கிறவருக்கு வி.எல்.எஃப் வகை, அதாவது மிகக் குறைந்த அதிர்வெண்ணில் வேலை செய்கிற டிடெக்டர் போதும். காரெட், மைன்லேப், நோக்டா எல்லாமே தொடக்க மாடல்கள் வைத்திருக்கின்றன. வாங்கும்போது ஒன்றை மட்டும் விடாமல் பாருங்கள்: கிரவுண்ட் பேலன்ஸ் வசதி, அதுவும் கையால் திருத்தக்கூடியதாக. ஏன் என்று கீழே சொல்கிறேன். கூடவே ஒரு பின்பாயிண்டர், அதாவது குழிக்குள் விட்டுப் பார்க்கிற சின்னக் கைக்கருவி. இது இல்லாமல் மண்ணைக் கிளறிக் கிளறியே பாதி நேரம் போகும். நல்ல தொடக்க மெஷின் காலணா அளவுக் காசை ஒரு சாண் ஆழத்தில் பிடித்தாலே பெரிய விஷயம். ‘இருபது அடி ஆழம், அரை கிலோமீட்டர் தூரத்திலிருந்தே தங்கத்தைக் காட்டும்’ என்று ஆன்டெனா வைத்த கைப்பிடியை லட்சக்கணக்கில் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கும்பலும் ரைஸ் புல்லிங், இரிடியம் கலசக் கும்பலும் ஒரே ஜாதிதான்.

மதுரைப் பக்கம் மண்தான் முக்கால் வேலை. மேலூர், அலங்காநல்லூர்ப் பக்கம் செம்மண். அதன் சிவப்புக்குக் காரணமே இரும்பு ஆக்சைடு, டிடெக்டர் அதையும் உலோகம் போல உணர்ந்து ஓயாமல் கீச்சிடும். காசு இல்லாத இடமாகப் பார்த்து, காயிலை (கம்பின் அடியில் இருக்கிற வட்டத்தட்டை) தரைக்கு மேலே ஒரு முழம் தூக்கி, தரையை ஒட்டி இறக்கி, மறுபடி தூக்கி, சத்தம் அடங்கும் வரை கிரவுண்ட் பேலன்ஸைத் திருத்துங்கள். பத்து நிமிஷம் ஆனாலும் பரவாயில்லை. ஒரே தோட்டத்தில் மண் மாறினால் மறுபடியும் திருத்த வேண்டும். அப்படியும் கத்தினால் சென்சிட்டிவிட்டியைக் குறையுங்கள். ஆழம் கொஞ்சம் போகும், காதும் புத்தியும் மிஞ்சும். திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்துக் கரிசலில் தொல்லை வேறு: மழையில் காயிலோடும் செருப்போடும் ஒட்டிக்கொண்டு வரும், சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கல்லாகிக் கிடக்கும். எந்த மண்ணானாலும் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, ஈரம் இருந்தும் சேறு இல்லாத மார்கழி, தை மாதங்கள்தான் வசதி. ஈர மண்ணில் சிக்னலும் கொஞ்சம் தெளிவாகக் கேட்கும். கோடை உழவு ஓட்டிய மறுநாளும் நல்ல நாள், கீழே கிடந்தது மேலே வந்திருக்கும்.

வயலுக்குப் போகும் முன் வீட்டுக் கொல்லையில் பழகுங்கள். ஒரு காலணா, ஒரு வெள்ளி மெட்டி, ஒரு அலுமினியப் பத்துப் பைசா, ஒரு சோடா மூடி, ஒரு ஆணி எல்லாவற்றையும் தனித்தனியாக நாலு விரல் ஆழத்தில் புதைத்து, மேலே குச்சி நட்டு, ஒவ்வொன்றுக்கும் என்ன சத்தம், மெஷின் திரையில் என்ன எண் வருகிறது என்று காது பழகுகிற வரைக்கும் கேளுங்கள். செம்பும் வெள்ளியும் உயர்ந்த எண்ணில் தெளிவாக ஒலிக்கும், ஆணி அடித்தொண்டையில் உறுமும். அலுமினியத் தாள், மெல்லிய காசு, நிக்கல் மூன்றும் நடுவில் ஒன்றோடொன்று குழம்பும். குப்பையாக ஒலிக்கிறது என்று நடு எண்களுக்கு மெஷின் கத்தாதபடி மொத்தமாக அணைத்துவிடுகிறவர்கள் உண்டு, அதில் சின்னக் காசுகளும் சேர்ந்து போகும். ஆரம்பத்தில் இரும்பை மட்டும் அணையுங்கள். செல்போனைத் தூரமாக வையுங்கள், மோட்டார் ரூமையும் மின்கம்பியையும் விட்டு விலகியே நில்லுங்கள், இல்லாவிட்டால் ஒன்றுமில்லாத இடத்திலும் மெஷின் உளறும்.

காயிலை வீசும்போது கதிர் அறுக்கிற மாதிரி வளைத்து மேலே தூக்கக்கூடாது, தரையை ஒட்டியே போய் ஒட்டியே வர வேண்டும். ஒரு வீச்சு அடுத்த வீச்சின் மேல் பாதியாவது விழ வேண்டும். இரண்டு பக்கமிருந்தும் ஒரே சத்தம் வந்தால் தோண்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் வந்தால் பெரும்பாலும் வளைந்த இரும்பு.

தோட்டத்தில் எங்கே? ஆள் உட்கார்ந்த, குனிந்த, மடி அவிழ்ந்த இடங்களில்தான் காசு விழுந்திருக்கும். பழைய களத்துமேடு, கிணற்றடி, கமலை இறைத்த இடம், பெரிய புளியமரத்தின் நிழல், வரப்பில் எல்லோரும் ஏறி இறங்குகிற ஓரம், இடிந்த மண்சுவர் வீடு இருந்த மனை. நிலத்தில் வேலை பார்த்த பெரியவர்களிடம் ‘முன்னே களம் எங்கே இருந்துச்சுய்யா’ என்று கேட்டால் போதும். நாள் முழுக்க காயில் ஆட்டுவதைவிட அந்தப் பதில் பெரிது.

தோண்டுவதற்குக் கடப்பாரை, மண்வெட்டி வேண்டாம், களைக்கொத்தி போதும். சத்தம் வந்த இடத்தின் நடுவில் குத்தாதீர்கள், அப்படிக் குத்தித்தான் காசின் முகத்தில் கீறல் விழுகிறது. ஒரு கை அகலம் தள்ளிச் சுற்றிலும் வெட்டி, மண்ணைப் பாளமாகப் பெயர்த்து, பின்பாயிண்டரால் தேடுங்கள். போர் மோட்டார் கேபிளும் சொட்டுநீர்க் குழாயும் எங்கே போகின்றன என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கல்லைக் கையால் புரட்டாதீர்கள், அடியில் தேள் இருக்கும், விரியனும் இருக்கலாம். எடுத்ததும் குழியை மூடி மிதித்துவிடுங்கள். திறந்த குழியில் மாட்டுக்குக் கால் மடங்கினால் அந்த ஊரில் உங்களுக்கு அதோடு முடிந்தது. கிடைத்த இடத்தை போனில் குறித்து, ஆழத்தை எழுதி, அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். கலெக்டருக்கு எழுதும்போதும் இதுதான் கை கொடுக்கும்.

என்ன கிடைக்கும்? லாடம், லாட ஆணி, டிராக்டர் போல்ட், மாத்திரை அட்டை, குட்கா பாக்கெட். அப்புறம் மூக்குத்தித் திருகாணி, கொலுசுத் துண்டு. காசில் முதலில் வருவது அலுமினியப் பைசாக்களும், 1957 முதல் வந்த நயா பைசாக்களும்தான். அதற்கும் முன்னால் என்றால் 1943 முதல் 1947 வரை அடித்த ஓட்டைக் காலணா, ஜார்ஜ் மன்னர் காலணா, விக்டோரியா காலணா. விக்டோரியாவில் ‘குயின்’ என்றிருந்தால் 1877க்கு முந்தைய வரிசை, ‘எம்பரஸ்’ என்றிருந்தால் பிந்தையது. கேடயச் சின்னத்தோடு 1835 என்றிருந்தால் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலணா. 1808 என்று போட்ட பத்துக் காசு, இருபது காசும் கம்பெனியுடையவைதான். சென்னைக்கு அவற்றை ஏற்றி வந்த அட்மிரல் கார்ட்னர் கப்பல் 1809இல் இங்கிலாந்துக் கரையோரமே மூழ்கியது, அதிலிருந்து எடுத்தவையும் விற்பனையில் புழங்குகின்றன. இன்னும் பழசாக, சின்னதாகத் தடியாக உருவமும் எழுத்துமாக இருந்தால் நாயக்கர் காசாக இருக்கலாம். அரபு எழுத்து இருந்தால் பதினான்காம் நூற்றாண்டு மதுரை சுல்தான்களுடையதாக இருக்க வாய்ப்புண்டு. கயல் தெரிந்தால் பாண்டியர் பக்கம் யோசியுங்கள். ஒரு பக்கம் நிற்கிற ஆள், மறுபக்கம் உட்கார்ந்த ஆளோடு நாகரியில் ராஜராஜன் பேர் இருந்தால் சோழர் செப்புக்காசு, தமிழ்நாடு முழுக்கக் கிடைப்பது. நீங்களே முடிவு கட்டாமல் காந்தி மியூசியம் வளாகத்தில் இருக்கிற அரசு அருங்காட்சியகத்தில் காட்டிக் கேளுங்கள்.

காட்டுகிற வரைக்கும் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். நம் வீடுகளில் செம்பு என்றாலே புளியும் சாம்பலும்தான், குத்துவிளக்கு மாதிரி தேய்த்துப் பளபளவென்று ஆக்கினால்தான் திருப்தி. காசின் மேல் படிந்திருக்கும் பச்சையும் கறுப்புமான படலம்தான் எழுத்தைத் தாங்கி நிற்கிறது, புளியின் அமிலம் அதைக் கரைத்துவிட்டால் அடியில் இருப்பது குழிகுழியான ரோஜா நிறச் செம்பு, மேடாக இருந்த எழுத்தும் அதோடு போயிருக்கும். பேட்டரிக்கு ஊற்றுகிற வடிநீரில் ஊறப்போட்டு, நாள்தோறும் தண்ணீரை மாற்றி, இளகிய மண்ணை மட்டும் மூங்கில் பல்குத்தியால் மெதுவாகத் தள்ளுங்கள். நிழலில் உலர்த்துங்கள். வெளிர்பச்சையில் மாவு மாதிரி பூத்து, தட்டினால் உதிர்ந்தால் அது அரிப்பு. அதை மற்ற காசுகளிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பி.வி.சி. உறைகள் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுபிசுத்துக் காசைக் கெடுக்கும்.

விற்கிற ஆசை வந்தால்: நூறு வருஷம் தாண்டிய காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், நாட்டைவிட்டு வெளியே அனுப்பக்கூடாது, அதை வாங்கி விற்கும் தொழிலுக்கு லைசென்ஸ் வேண்டும். உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு ‘பத்து லட்சத்துக்கு எடுத்துக்கொள்கிறோம், ஜி.எஸ்.டி.யும் பதிவுக் கட்டணமும் மட்டும் முதலில் அனுப்புங்கள்’ என்று ரிசர்வ் வங்கி பேரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், அந்த வங்கியே 2021இல் இப்படி எந்தக் கட்டணமும் தாங்கள் கேட்பதில்லை என்று அறிவித்திருக்கிறது. நம்பரை பிளாக் செய்துவிடுங்கள்.