நைட்ரோ ஆர்சி டிரக் அடிக்கடி அணைகிறதா? ஊசியைத் திருகும் முன் எரிபொருள் வழியைப் பாருங்கள்

டிராக்சாஸ் டி-மேக்ஸ், எச்பிஐ சாவேஜ் போன்ற நைட்ரோ டிரக்கை (மெத்தனால், நைட்ரோமெத்தேன், எண்ணெய் கலந்த எரிபொருளில் ஓடும் ரிமோட் கண்ட்ரோல் மாடல் வண்டி) புதிதாக ஓட்டுபவர்கள், வண்டி நின்றதும் முதலில் கைவைப்பது கார்புரேட்டர் ஊசியில்தான் (என்ஜினுக்குப் போகும் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் திருகு). டேங்கிலிருந்து எரிபொருள் சீராக வராதபோது ஊசியை எவ்வளவு திருகினாலும் பயனில்லை. ஏற்கெனவே சரியாக இருந்த செட்டிங்கும் கெட்டுப்போகும்.

இந்த வண்டிகளில் பெரும்பாலும் பம்ப் கிடையாது. சைலன்சரிலிருந்து ஒரு சிறிய ட்யூப் டேங்கின் மேல்பகுதிக்குப் போகிறது. புகையின் அழுத்தம்தான் டேங்கின் அடியிலிருக்கும் எரிபொருளைக் கார்புரேட்டருக்குத் தள்ளுகிறது. அதனால் டேங்க் மூடி சரியாக உட்காராவிட்டால்கூட, ஐடிலில் (த்ராட்டில் கொடுக்காதபோது ஓடும் மெதுவான ஓட்டம்) ஒழுங்காக ஓடும் என்ஜின் முழு த்ராட்டிலில் எரிபொருள் போதாமல் நின்றுவிடும்.

படி 1: டேங்க், ட்யூப், ஃபில்டர்

டேங்கைக் காலிசெய்து கழற்றுங்கள். எரிபொருள் வெளிவரும் முனையை விரலால் அடைத்துத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். பிரஷர் ட்யூப் வழியாகச் சிரிஞ்சால் காற்றைச் செலுத்துங்கள். வாயால் ஊத வேண்டாம், மெத்தனால் விஷம். மூடியோரம் குமிழி வந்தால் ஓ-ரிங்கை மாற்றினால் போதும். டேங்க் ஒட்டிலிருந்து வந்தால் டேங்கையே மாற்ற வேண்டும். மறுபடி மாட்டும் முன் உள்ளே தண்ணீர் துளிகூட இல்லாமல் உலர்த்துங்கள்.

ட்யூப் பெரும்பாலும் முனைகளில்தான் கிழியும். தளர்ந்த முனையில் 5 மி.மீ. வெட்டிவிட்டு மாட்டுங்கள். சைலன்சரை உரசும் இடத்தில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை இருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள். என்ஜின் ஓடும்போது ட்யூபில் குமிழிகள் ஓடிக்கொண்டே இருந்தால், எங்கோ காற்று புகுகிறது, அல்லது அதிர்வில் டேங்குக்குள் நுரை கட்டுகிறது. ஃபில்டர் இருந்தால் கழற்றி எரிபொருளாலேயே அலசுங்கள்.

படி 2: குளோ பிளக், எரிபொருள்

என்ஜினில் எரிபொருளைப் பற்றவைப்பது குளோ பிளக். அதைக் கழற்றி 1.5 வோல்ட் இக்னைட்டரில் (பிளக்கைச் சூடேற்றும் பேட்டரிக் கருவி) வைத்தால் கம்பிச்சுருள் முழுவதும் பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் எரிய வேண்டும். மங்கலாகவோ பாதி மட்டுமோ எரிந்தால் மாற்றிவிடுங்கள். மெத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூடி திறந்து கிடந்த கேனை வைத்து ட்யூன் செய்வது வீண் வேலை.

புல் ஸ்டார்ட்டர் கயிறு இறுகினால் பலம் போட்டு இழுக்காதீர்கள். என்ஜினுக்குள் எரிபொருள் நிரம்பியிருக்கலாம், கனெக்டிங் ராட் வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றி, வண்டியைக் கவிழ்த்து, மேலே துணி வைத்து மெதுவாக இழுத்து வெளியேற்றுங்கள். அப்போது சூடான இக்னைட்டர் பக்கத்தில் இருக்கக் கூடாது. மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது.

படி 3: முதலில் ஹை ஸ்பீடு ஊசி

ஹை ஸ்பீடு ஊசி முழு த்ராட்டிலுக்கும், லோ ஸ்பீடு ஊசி ஐடிலுக்கும் எரிபொருளை அளந்து விடுகின்றன. பெரும்பாலான கார்புரேட்டர்களில் லோ ஸ்பீடு ஊசிக்குப் போகும் எரிபொருளும் ஹை ஸ்பீடு ஊசியைத் தாண்டித்தான் போகிறது. வரிசையை மாற்றினால் லோ ஸ்பீடு ஊசியை மீண்டும் சரிசெய்ய வேண்டிவரும். செட்டிங் எங்கே போனதென்றே தெரியாவிட்டால், வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள ஃபாக்டரி செட்டிங்கிற்குத் திரும்புங்கள். ஊசியை அடிவரை மூடும்போது இறுக்கக் கூடாது, உட்காரும் இடம் சிதைந்துவிடும்.

வலப்பக்கம் திருப்பினால் எரிபொருள் குறையும், அதுதான் லீன். இடப்பக்கம் திருப்பினால் எரிபொருள் கூடும், அதுதான் ரிச். என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, ஒரு முறைக்கு 1/8 சுற்று மட்டும் திருப்பி, முழு த்ராட்டிலில் ஓட்டிப் பாருங்கள். அடர்ந்த புகையோடு திணறினால் ரிச். பாய்ந்து கிளம்பிச் சட்டென்று பலம் குறைந்து, புகையும் இல்லையென்றால் லீன். உடனே த்ராட்டிலை விடுங்கள். மெல்லிய வெள்ளைப் புகை எப்போதும் தெரிய வேண்டும், எரிபொருளில் கலந்த எண்ணெய் என்ஜினுக்குள் போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

பிளக் அருகே 105 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நல்லது. 130-ஐத் தாண்டினால் நிறுத்திவிட்டு ரிச் செய்யுங்கள். தெர்மாமீட்டர் இல்லையா? என்ஜினின் ஹெட்டில் (பிளக் இருக்கும் மேல்பகுதி) ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். 3 முதல் 5 விநாடியில் கொதித்து வற்றினால் சரி. விட்டவுடன் காணாமல் போனால் அளவுக்கு மேல் சூடு.

படி 4: லோ ஸ்பீடு ஊசி, ஐடில்

என்ஜின் ஐடிலில் ஓடும்போது, கார்புரேட்டருக்குப் பக்கத்தில் ட்யூபை விரலால் நசுக்குங்கள். சத்தம் கொஞ்சம் ஏறி 2, 3 விநாடியில் அணைந்தால் சரி. ஏறாமலே உடனே அணைந்தால் லீன். வெகுநேரம் ஓடினால் ரிச். இதைச் சரிசெய்ததும் ஐடில் வேகம் மாறியிருக்கும், ஐடில் ஸ்க்ரூவால் கடைசியாகத் திருத்துங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் கார்புரேட்டர் வாயில் ஏறக்குறைய 1 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் ஐடில் தானாக ஏறி இறங்கினாலோ, த்ராட்டிலை விட்டும் வேகம் குறையாமல் நின்றாலோ, காற்றுக் கசிவைத் தேடுங்கள். கார்புரேட்டர் கழுத்து ஓ-ரிங், பேக்பிளேட் (என்ஜினின் பின்மூடி) கேஸ்கெட், முன் பேரிங் மூன்றையும் துடைத்துவிட்டு ஒரு டேங்க் எரிபொருள் தீரும்வரை ஓட்டுங்கள். எந்த ஒட்டில் எண்ணெய் கசிந்திருக்கிறதோ அங்கேதான் கோளாறு.

குளிர்ந்த காலையில் காற்று அடர்த்தி அதிகம், கொஞ்சம் ரிச் தேவைப்படும். உச்சி வெயிலில் அதே செட்டிங் அளவுக்கு மீறிய ரிச்சாகத் தெரியலாம். அப்போது 1/8 சுற்றுக்கும் குறைவாக லீன் செய்துவிட்டு, உடனே சூட்டைப் பாருங்கள்.