பழைய அம்பாசடர் பிரேக்கில் ஏர் எடுப்பது எப்படி?

பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது என்றதும் ஸ்பானரைத் தூக்காதீர்கள். வண்டியை நிறுத்தி வைத்து இரண்டு மூன்று முறை வேகமாக பம்ப் பண்ணிப் பாருங்கள். பெடல் மேலே வந்து கல் மாதிரி நின்றால் லைனில், அதாவது பிரேக் ஆயில் ஓடும் குழாயில், ஏர் (காற்று) இல்லை. சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூவின் லைனிங் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கிறது. ஷூவை அட்ஜஸ்ட் பண்ணினாலே போதும். மேலே வந்த பிறகும் ஸ்பிரிங் மாதிரித் துள்ளினால்தான் ஏர். அமுக்கிப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறதா? எங்கோ ஒழுகுகிறது, இல்லையென்றால் பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வாஷர் போய்விட்டது. இதற்கு ஏர் எடுத்துப் பயனில்லை.

நான்கு சக்கரத்துக்கும் டிரம், எல்லாவற்றுக்கும் ஒரே லைன் என்று வந்த வண்டிகளுக்கான முறை இது. ஒரு இடத்தில் ஒழுகினால் மொத்த பிரேக்கும் போய்விடும் என்பதால் அவசரம் ஆகாது.

சீல் உடைக்காத டாட் 3 தர பிரேக் ஆயில் ஒரு லிட்டர் வாங்குங்கள். பாதி காலியான பழைய டப்பா வேண்டாம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 3 தரத்துக்குப் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறியதும் 140 வரை இறங்கலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் ஆயில் கொதித்து ஆவியாகும், பெடல் தரையைத் தொடும். டாட் 4 கலந்தாலும் பாதகமில்லை. சிலிகான் வகையான டாட் 5 கூடாது. எஞ்சின் ஆயில் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது, ரப்பரெல்லாம் ஊதிவிடும்.

நிப்பிளில் (ஏர் வெளியேற ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கும் துளையுள்ள சிறு திருகு) இறுக்கமாக உட்காரும் கண்ணாடி மாதிரியான டியூப் ஒன்றரை அடி, ஒரு பாட்டில், அளவான ரிங் ஸ்பானர், ஒரு மரக்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓப்பன் ஸ்பானர் போட்டால் நிப்பிள் முனை மழுங்கும். துருப்பிடித்த நிப்பிளுக்கு முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு, லேசாகத் தட்டி வையுங்கள். முறுக்கி உடைத்துவிட்டால், சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரையே மாற்ற வேண்டிவரும்.

மரக்கட்டை பெடலுக்கு அடியில் வைக்க. தினசரி ஓட்டத்தில் பிஸ்டன் போகாத தூரத்தில் சிலிண்டருக்குள் துருவும் கசடும் படிந்திருக்கும். பெடலைத் தரை வரை மிதித்தால் வாஷர் அதில் உரசிக் கிழியும். நேற்று வரை ஒழுங்காக இருந்த மாஸ்டர் சிலிண்டர் ஏர் எடுத்த மறுநாள் கைவிடுவது பெரும்பாலும் இதனால்தான்.

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். நான்கு சக்கரத்திலும் ஷூவை டிரம்மோடு பிடிக்கும் வரை இறுக்குங்கள். பிஸ்டன் நகரும் தூரம் குறைந்தால் சிலிண்டரில் ஏர் தங்கும் இடமும் குறையும். வேலை முடிந்ததும், சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிற அளவுக்குத் தளர்த்திவிடுங்கள்.

மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்கி, பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்று வாருங்கள். டியூபின் ஒரு முனை நிப்பிளில், மறுமுனை பாட்டிலில் உள்ள ஆயிலுக்குள் மூழ்கியிருக்கட்டும். உள்ளே ஒருவர் பெடலை நிதானமாக அமுக்கி "பிடிச்சாச்சு" என்று குரல் கொடுத்ததும் நிப்பிளை அரைச் சுற்று திறந்துவிடுங்கள். குமிழி வரும். பெடல் கட்டையில் இடிப்பதற்குள் நிப்பிளை மூடிவிட்டு "விடு" என்று சொல்லுங்கள். மூடும் முன்பே காலை எடுத்தால் வெளிக்காற்றை அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும். படபடவென்று பம்ப் பண்ணினால் ஏர் பொடிப்பொடியாகக் கலந்து நுரைத்துவிடும், பிறகு எடுப்பது பாடு.

குமிழி நின்று ஆயில் தெளிவாக வரும் வரை தொடருங்கள். ஐந்தாறு அமுக்கலுக்கு ஒருமுறை பிரேக் ஆயில் டேங்கைப் பார்த்து ஊற்றுங்கள். அது காலியானால் திரும்பவும் முதலிலிருந்து. ஒரு சக்கரத்தில் மட்டும் ஆயில் சொட்டுச் சொட்டாக வந்தால் நிப்பிளைக் கழற்றி மெல்லிய கம்பியால் துளையைக் குத்திப் பாருங்கள். அடைப்பு இல்லையென்றால் ரப்பர் ஓஸ் உள்ளே ஊதியிருக்கும், மாற்றுங்கள்.

பெயின்ட்டில் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். துணியால் துடைப்பது போதாது. கடைசியாகப் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, நான்கு நிப்பிளும் காய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டர் ராடுக்கும் நடுவே சிறிது ஆட்டம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆயில் டேங்குக்குத் திரும்பும் துளை மூடியே கிடக்கும். சூடேறச் சூடேற பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும்.