6 வோல்ற் வில்லிஸ் ஜீப்பை 12 வோல்ற்றுக்கு மாற்றுவது எப்படி? கொயில் வாங்கும் முன் படியுங்கள்

1941 முதல் 1945 வரை வந்த வில்லிஸ் எம்.பி., ஃபோர்ட் ஜி.பி.டபிள்யூ. ஜீப்புகள் 6 வோல்ற், நெகட்டிவ் ஏர்த் (பற்றரியின் நெகட்டிவ் முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கும்). இலங்கையில் மிஞ்சியிருக்கும் பழைய ஜீப்புகள் பலவற்றில் இப்போது டீசல் இன்ஜின்தான். அந்த அருமையான 'கோ டெவில்' பெற்றோல் இன்ஜினைக் கழற்றாமல் வைத்திருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். வயரிங் தொல்லைக்காக அதை விட்டுவிடாதீர்கள்.

கொழும்பில் 6 வோல்ற்றோடு காலம் தள்ளுவது கஷ்டம். கார் அளவு 6 வோல்ற் பற்றரி தேடி அலைய வேண்டும். வெள்ளவத்தை மாதிரிக் கடற்கரைப் பக்கம் வண்டி நின்றால் உப்புக்காற்றில் ஏர்த் இணைப்புகள் பூத்துப்போகும். அங்கே அரை வோல்ற் விரயமானால் 12 வோல்ற் வண்டி தாங்கும். 6 வோல்ற் வண்டி ஸ்ராட்டாக மறுக்கும்.

உங்களுடையது 1950 முதல் வந்த எம்38 என்றால் இந்த முறை பொருந்தாது. அது 24 வோல்ற். கொயில், பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ரிபியூற்றருக்குள்ளேயே இருக்கும்.

படி 1: பற்றரியின் ஏர்த் வயரைக் கழற்றுங்கள். 6 வோல்ற் ஜெனரேற்றரையும் ரெகுலேற்றர் பெட்டியையும் விலக்கிவிட்டு, பழைய ஜப்பான் கார் ஒன்றின் சிறிய ஓல்ற்ரனேற்றரைப் பூட்டுங்கள். ரெகுலேற்றர் உள்ளேயே இருப்பதாகப் பார்த்து எடுத்தால் வயர் வேலை பாதியாகும். பல்புகள் எல்லாம் 12 வோல்ற்றுக்கு மாறவேண்டும். ஹோர்னுக்கும் ஃபியுவல் கேஜுக்கும் வோல்ற்றளவைக் குறைக்கும் ரெடியூசர் போடுங்கள். ஸ்ராட்டர் மோட்டரை மாற்ற வேண்டாம், ஆனால் அது வேகமாகச் சுற்றிப் பற்சில்லில் பலமாக அடிக்கும். பெடலைச் சில விநாடிக்கு மேல் மிதித்துக்கொண்டிருக்காதீர்கள்.

படி 2: கொயில், அதாவது பிளக்கில் பொறி பாய உயர் வோல்ற்றளவைத் தரும் சுருள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் '12 வோல்ற் கொயில்' என்று மட்டும் கேட்டால் இரண்டு வகையில் எதுவும் கைக்கு வரும். ஒன்றின் பிரைமரித் தடை (இரண்டு சிறிய முனைகளுக்கும் இடையிலான தடை) ஏறக்குறைய 3 ஓம். மற்றது 1.5 ஓம் அளவு. இதை வெளியே பலாஸ்ற் ரெசிஸ்ரர் (மின்னோட்டத்தைக் குறைக்கும் தனித் தடை) இருந்தால் மட்டுமே பாவிக்கலாம். இரண்டின் மேலும் '12 வோல்ற்' என்றே அச்சிட்டிருப்பார்கள். கணக்குப் பாருங்கள்: 12ஐ 3 ஆல் வகுத்தால் 4 அம்பியர், பொயின்ற் (டிஸ்ரிபியூற்றருக்குள் திறந்து மூடிக் கொயிலின் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் தொடுமுனை) தாங்கும். 1.5 ஓம் என்றால் 8 அம்பியர். கொயில் தொட முடியாத அளவு சுடும், பொயின்ற்றின் முகம் நீலம் பாய்ந்து குழி விழும். ஓடிக்கொண்டே இருக்கும்போது வண்டி நின்றுபோகும்.

ஆகவே கடையிலேயே அளந்து வாங்குங்கள். டிஜிற்றல் மல்டிமீற்றரை 200 ஓமில் வைத்து, முதலில் மீற்றரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடுங்கள். 0.3, 0.4 என்று ஏதாவது காட்டும். அது மீற்றர் வயரின் தடை. பிறகு கொயிலின் இரண்டு சிறிய முனைகளிலும் வைத்து, வரும் எண்ணிலிருந்து அதைக் கழியுங்கள். இவ்வளவு சிறிய தடையில் அந்தக் கழித்தல் அவசியம்.

என் தெரிவு எப்போதும் 3 ஓம் கொயில்தான். பலாஸ்ற் முறையில் ஸ்ராட் பண்ணும்போது ரெசிஸ்ரரைத் தாண்டிப் போக, சாவியில் தனி முனை வேண்டும். ஜீப்பில் ஸ்ராட்டர் காலால் மிதிப்பது. அந்த முனையே கிடையாது.

படி 3: கொயிலின் பொசிற்றிவ் முனைக்கு இக்னிஷன் சுவிட்ச் வயர், நெகட்டிவ் முனைக்கு டிஸ்ரிபியூற்றர் வயர். பொயின்ற்றோடு இணைந்த கொண்டென்சரை மாற்றச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். பொயின்ற் திறக்கும்போது அது எப்படியும் நூற்றுக்கணக்கான வோல்ற்றைத் தாங்குகிறது. பற்றரி 6 ஆ 12 ஆ என்பது அதற்குப் பெரிய விஷயமில்லை.

படி 4: பொயின்ற் இடைவெளி 0.020 அங்குலம், பிளக் 0.030. பொயின்ற்றை மண்கடதாசியால் தேய்க்காதீர்கள், மணல் துகள் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். பொயின்ற் அரம் இல்லாவிட்டால் புதிதாகவே போடுங்கள். இடைவெளி மாறினால் டைமிங்கும் நகரும், மறுபடி பாருங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்த பதுளை வாசகர் ஒருவர், ஏற்றத்தில் இன்ஜின் திக்குகிறது என்று எழுதினார். அவர் போட்டது பழைய பிரித்தானியக் கொயில். முனைகளில் கூட்டல் கழித்தல் குறி இல்லை, 'எஸ்.டபிள்யூ.' (சுவிட்ச்), 'சி.பி.' (பொயின்ற் பக்கம்) என்றே இருந்தன. அது பொசிற்றிவ் ஏர்த் கார்களுக்குச் செய்தது. நம் ஜீப்பில் சுவிட்ச் வயர் 'சி.பி.'க்குப் போகவேண்டும். மாறினால் பொறி பாய அதிக வோல்ற்றளவு தேவைப்படும், பாரத்தில் திக்கும்.

சந்தேகமிருந்தால் பிளக் வயரைக் கழற்றி, நன்றாகக் காப்பிட்ட இடுக்கியால் பிளக்கிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடியுங்கள். இன்னொருவர் இன்ஜினைச் சுற்றவிட, அந்த இடைவெளியில் உலர்ந்த பென்சிலின் கரிமுனையை நீட்டுங்கள். பெற்றோல் ஆவி இல்லாத இடத்தில் மட்டும் செய்யுங்கள். செம்மஞ்சள் சுடர் பென்சிலுக்கும் பிளக்குக்கும் நடுவில் தெரிந்தால் இணைப்புச் சரி. வயர்ப் பக்கம் தெரிந்தால் கொயிலின் இரண்டு சிறிய வயர்களையும் இடம்மாற்றுங்கள்.