விறகு அடுப்புக்குப் புகைபோக்கி: திட்டமிடும்போதே தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவில் வீட்டைச் சூடாக்கப் புதிதாக விறகு அடுப்பு வைப்பவர்களில் பலர், அடுப்பை வாங்கி, கூடத்தில் அதற்கு எடுப்பான ஓர் இடத்தையும் முடிவு செய்துவிட்டு, புகைபோக்கியைப் பற்றிக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். இந்த வரிசையே முதல் தவறு. குழாய்க்குள் இருக்கும் சூடான புகை வெளிக்காற்றைவிட லேசானது என்பதால் மேலே ஏறுகிறது. அந்த இழுவைதான் அடுப்புக்குள் புதுக் காற்றைக் கொண்டுவந்து தீயை வளர்க்கிறது. ஆகவே குழாய் நேராக ஏறிக் கூரையைக் கடக்க எங்கே வழி இருக்கிறதோ, அங்கேதான் அடுப்பு அமைய வேண்டும்.

அடுத்த தவறு, செலவும் வேலையும் குறையும் என்று எண்ணிக் குழாயைச் சுவர் வழியாக வெளியே எடுத்து, வெளிச்சுவரை ஒட்டி ஏற்றுவது. சனவரி மாதக் காலையில் அந்தக் குழாய் முழுவதும் உறைகுளிரில் நிற்கும். அடுப்புக் கதவைத் திறந்தால் குளிர்காற்று முகத்தில் இறங்கும். பற்றவைத்த காகிதத்தின் புகை மேலே போகாமல் அறைக்குள் திரும்பும். எரியத் தொடங்கிய பிறகும் புகை விரைவாகக் குளிர்ந்து, கிரியோசோட் என்னும் தார் போன்ற கசடாகக் குழாயின் உட்புறத்தில் படியும். புகைபோக்கியில் தீப்பிடிப்பது இந்தக் கசடால்தான். இரண்டு மாடி வீட்டின் பக்கத்தில் ஒட்டிக் கட்டிய ஒற்றை மாடி அறையில் அடுப்பை வைத்து, குழாயையும் தாழ்வாக முடிப்பது இன்னும் மோசம். உயரமான வீட்டுக்குள் மேலேறும் சூடான காற்று, குழாயைவிட வலுவாக இழுத்து, புகையை அறைக்குள் திருப்பிவிடும். சமையலறைப் புகையை வெளியேற்றும் பெரிய விசிறியும் இதே கெடுதலைச் செய்யும்.

குழாயின் உயரத்துக்குக் கனடாவில் தெளிவான விதி இருக்கிறது. குழாயின் வாய், அது கூரையைத் துளைத்து வரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயர்ந்திருக்க வேண்டும். கிடைமட்டமாக 10 அடிக்குள் இருக்கும் கூரையின் எந்தப் பகுதியையும்விட 2 அடி உயர்ந்திருக்க வேண்டும். இது குறைந்தபட்ச அளவே. இழுவை போதாவிட்டால் இன்னும் உயர்த்தத்தான் வேண்டும்.

பழைய செங்கல் புகைபோக்கி பெரிதாக இருப்பதால் நல்லது என்று நினைப்பதும் தவறு. புகை வெளியேறும் வாய் 6 அங்குலமாக உள்ள அடுப்பை 8 அங்குலக் குழாயில் இணைத்தால், புகை செல்லும் பரப்பு ஏறக்குறைய முக்கால் பங்கு கூடி, புகையின் வேகம் குறைந்து, அது வழியிலேயே குளிர்ந்துவிடும். அடுப்பின் வாய் அளவுக்கே உள்ளுறைக் குழாய் இறக்குவதுதான் முறை.

குழாய் மச்சைக் கடக்கும் இடத்தில், தயாரிப்பாளர் கேட்கும் காற்று இடைவெளியில் வெப்பக்காப்புப் பஞ்சைத் திணிப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த இடைவெளி, பக்கத்து மரச்சட்டம் சூடேறித் தீப்பற்றாமல் இருப்பதற்காகவே விடப்படுகிறது.

நகராட்சி அனுமதி, காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதல் இரண்டையும் அடுப்பு வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். விறகு அடுப்புகளைச் சோதிக்கத் தகுதி பெற்ற வெட் (WETT) ஆய்வாளரின் அறிக்கையைக் காப்பீட்டு நிறுவனங்கள் பல நேரம் கேட்கும். மச்சையும் சுவரையும் பலகையடித்து மூடுவதற்கு முன்பே அந்த ஆய்வாளரை ஒருமுறை வரவழைத்துவிட்டால், குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியை அவர் கண்ணால் பார்த்து அளக்க முடியும்.